சுண்ணாம்பு ஊறப்போட்ட வீடு

வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. எப்போது அடிப்பது என்பதில்தான் சண்டை. ஆவணியில் அடித்தால் காற்றுக்குப் புழுதி வந்து ஒட்டும். புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு முன்னால் சுவரைத் தொட்டால் செத்துப்போன பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அமாவாசைக்குப் பின்னால் தொட்டால் மழை கோபித்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்துவிட்டால் பேச்சே இல்லை, அடைமழை. இத்தனைக்கும் நடுவில் வெயில் நல்லபடியாக அடிக்கிற சில நாட்கள் வரத்தான் செய்யும். அந்த நாட்களில் ஊரே மட்டையும் வாளியுமாக ஏணியில் நிற்கும். தனசேகரன் மட்டும் மரவள்ளிக் கொல்லை வரப்பில் நின்று கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மலைமேல் கறுப்பாக ஏதாவது தெரிந்தால், "மழ வருது, இப்ப வாணாம்" என்பார். ஒன்றுமே தெரியாவிட்டால், "மல சும்மா கீது பாத்தியா, இது ஆபத்து. திடீர்னு எறங்கும்" என்பார். இந்தக் கணக்கில் வெள்ளை அடிக்க ஏற்ற நாள் என்று ஒன்று உலகத்தில் இல்லை.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வருசம் அவர்தான் தெருவிலேயே முதல் ஆளாக, பிள்ளையார் சதுர்த்தி முடிந்த கையோடு வெள்ளை அடித்தார். அடித்து முடித்த அன்றைக்கே புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு முழுக்க வழிந்து வாசலில் பாலாக ஓடியது. சுவர், வியர்வையில் விபூதி வழிந்த நெற்றி மாதிரி கோடு கோடாக நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் சுண்ணாம்பு நுழைந்தது வெற்றிலையோடு மட்டும்தான்.

வருசக்கணக்காக அடுப்புப் புகையும், நெல் அவிக்கிற புகையும் குடித்து, அந்தச் சுவருக்கு ஒரு நிறம் வந்திருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. தொட்டால் கையோடு வரும்.

வைகாசியில் மகள் அம்சவள்ளிக்குக் கல்யாணம் வந்தது. இப்போதாவது அடிக்கலாமே என்று பெண்டாட்டி அமிர்தம் கேட்டாள். தனசேகரன் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"பந்தல்ல கோட்டடுப்பு எரியப்போவுது. பொக பட்டு மறுபடியும் கருத்துப்பூடும். கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்."

கல்யாணம் முடிந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாள், நைனார்பாளையத்திலிருந்து வந்தவர், இவர்கள் எடுத்துக்கொடுத்த சந்தனக் கலர் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, களைப்பாக இருக்கிறதே என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது முதுகுப் பக்கம் சந்தனம் இல்லை. அங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொறுமையான பொம்பிளை.

ஆடிக்கு அழைத்து வந்தபோது அம்சவள்ளி அம்மாவிடம் சொன்னாள்.

"அந்தச் சேலைய தொவைக்கவே இல்லமா. அப்பிடியே பீரோல வச்சிருக்காங்க. யாராச்சும் வூட்டுக்கு வந்தா எடுத்து விரிச்சிக் காட்றாங்க. சம்பந்தி வூட்ல சேலையும் குடுத்து சாயமும் அவங்களே போட்டுக் குடுத்தாங்கன்னு சொல்றாங்க. நான் அங்கயே நின்னுக்கினு இருக்கணும். காப்பி கொண்டாந்து குடுக்கறது நான்தானே."

அமிர்தம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தல தீவாளிக்கு அவங்களும் கூட வராங்களாம். அந்தச் சேலையத்தான் கட்டிக்கினு வருவாங்களாம். இனிமே சாஞ்சாலும் பயம் இல்லன்னு சொல்லி சிரிக்கறாங்க."

சொல்லிவிட்டு அம்சவள்ளியும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்றைக்கே அமிர்தம் முடிவு செய்துவிட்டாள். மகளும் மருமகனும் தலை தீபாவளிக்கு வாசலில் கால் வைக்கும்போது வீடு பால் மாதிரி இருக்க வேண்டும். அந்த அம்மாள் எந்தச் சுவரில் வேண்டுமானாலும் சாயட்டும், முதுகில் வெள்ளைதான் ஒட்ட வேண்டும்.

இந்த வருசம் தனசேகரனுக்கு மலை மட்டும் அல்ல, இன்னொரு காரணமும் கிடைத்திருந்தது. அது அடுத்த வீட்டில் கட்டிலில் படுத்திருந்தது.

கொளஞ்சியப்பன் தனசேகரனின் சொந்தச் சித்தப்பா. பிள்ளை இல்லாதவர். அவரும் பெண்டாட்டி தைலம்மாளும் மட்டும்தான் அந்த வீட்டில். நாளைக்கு ஒன்று என்றால் கொள்ளி வைக்க வேண்டியவர் தனசேகரன். ஆடி மாசமே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆடி அமாவாசையைத் தாண்டமாட்டார் என்று தெரு சொன்னது. தாண்டினார். ஆவணி அமாவாசை என்றது. அதையும் தாண்டினார். மகாளய அமாவாசைதான் கண்டம் என்று இப்போது எல்லோரும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் பக்கம் அந்த வருசம் பண்டிகை கிடையாது. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, வடைச்சட்டி அடுப்பில் ஏறாது. தலை தீபாவளியும் அதில் அடக்கம். கருமாதி முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளை அடித்துத்தான் தீட்டுக் கழிப்பார்கள். இந்த இரண்டு வழக்கத்தையும் சேர்த்து வைத்து தனசேகரன் ஒரு கணக்குப் போட்டிருந்தார்.

"சித்தப்பா போயிட்டாருன்னா கருமாதிக்கு எப்பிடியும் வெள்ள அடிச்சாவணும். இப்ப ஒருக்கா, அப்ப ஒருக்கான்னு ரெண்டு வாட்டி எவன் அடிப்பான்?"

"அப்ப தல தீவாளிக்கு?" என்றாள் அமிர்தம்.

"அவரு போயிட்டா தீவாளியே இல்லியே. இல்லாத தீவாளிக்கு எதுக்கு வெள்ள?"

"போவலன்னா?"

"போவலன்னா அடிக்கலாம்."

"எப்போ?"

"தீவாளிக்கு ரெண்டு நாளு முன்ன வரிக்கும் பாத்துட்டு, அவருக்கு எப்பிடி இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினு, அப்பிடியே மலையையும் பாத்துக்கினு…"

"நல்லா இருக்குதுங்க" என்றாள் அமிர்தம். "நீங்க ஒங்க சித்தப்பா சாவறத பாத்துக்கினு குந்தியிருங்க. நான் ஒங்கள பாத்துக்கினு குந்தியிருக்கேன். மவ அங்க நின்னு காப்பி குடுக்கட்டும்."

மகாளய அமாவாசை வந்தது, போனது. கொளஞ்சியப்பன் போகவில்லை. மறுநாள் காலை அமிர்தம் பஸ் ஏறிச் சங்கராபுரம் போய் ஒரு மூட்டைக் கிளிஞ்சல் சுண்ணாம்பும், நீலமும், காவியும் வாங்கி, மூட்டையை பஸ் மேலே போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்துப் பக்கம் கிடந்த பழைய சிமெண்டுத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். சுண்ணாம்பு கொதிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. ஆவி ஓட்டுக்கு மேலே எழும்பியது.

நடந்ததில் தெருவின் தப்பு ஒன்றும் இல்லை. வேறு யார் வீட்டில் சுண்ணாம்பு ஊறினாலும் பண்டிகை வருகிறது என்று நினைத்திருப்பார்கள். தனசேகரன் வீட்டில் பண்டிகைக்கு வெள்ளை அடிப்பார்கள் என்று நினைக்கிற அளவுக்கு யாருக்கும் கற்பனை போதாது. அங்கே சுண்ணாம்பு ஊறினால் அது கருமாதிக்குத்தான். கருமாதி என்றால் கொளஞ்சியப்பன் போய்விட்டார். ஆவியைப் பார்த்தவர்கள் ஆவியின் முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவள் தெருக்கோடி இருசம்மாள். ஒப்பாரியில் அவளுக்குச் சுற்றுவட்டாரத்தில் பேர். முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, "எங்கள வுட்டுட்டுப் பூட்டீங்களே மாமா" என்று கொளஞ்சியப்பன் வாசலில் வந்து விழுந்தாள். கொளஞ்சியப்பன் கட்டிலில் தலையணைமேல் சாய்ந்தபடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு போனது?" என்று கேட்டார்.

இருசம்மாள் அவரைப் பார்த்தாள். கை மாரிலேயே நின்றது.

"நீங்கதான் மாமா."

"நானா?"

"அப்பிடித்தான் சொன்னாங்க."

"சரி" என்றார் கொளஞ்சியப்பன். "வந்துட்ட. மிச்சத்தையும் பாடிட்டுப் போ. இன்னா சொல்றேன்னு கேக்கறேன்."

இருசம்மாள் பாடவில்லை. முடியை முடிந்துகொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள். பாடியிருக்கலாம் என்று அவருக்கு ஒரு குறை இருந்ததாகத் தைலம்மாள் பிற்பாடு சொன்னாள்.

மத்தியானத்துக்குள் சேதி ரிஷிவந்தியம் வரைக்கும் போய்விட்டது. தைலம்மாளின் தம்பி சின்னதுரை, மாமாவுக்கு மாலையும் அக்காளுக்குக் கோடிச் சேலையும் வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்தான். வாசலில் கூட்டம் இல்லாததைப் பார்த்தபோதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உள்ளே வந்து மாமாவின் கண் திறந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனான்.

"வா சின்னதுர. பின்னாடி இன்னா?"

"ஒன்னுமில்ல மாமா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"காட்டு."

காட்டினான். கொளஞ்சியப்பன் மாலையை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்தார். ரோஜா ஜாஸ்தி வைத்துக் கட்டியிருக்கிறான், பஸ்ஸில் வந்தும் வாடவில்லை என்று பாராட்டினார். பிறகு அதை ஆட்டுக்குப் போடச் சொன்னார். சாவுக்கு வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியாது, வாங்கியதை வீணாக்கவும் கூடாது என்பது அவர் கட்சி. ஆடு நிதானமாகத் தின்றது. கோடிச் சேலையைத் தைலம்மாள் பார்த்தாள். திரும்பவும் பைக்குள் வைத்து, பையைத் தம்பி கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் கொளஞ்சியப்பன் அமிர்தத்தைக் கூப்பிட்டனுப்பினார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். கையெல்லாம் சுண்ணாம்பு.

"சுண்ணாம்பு யாருக்கு ஊறுது?"

"ஒங்களுக்கு இல்லிங்க மாமா" என்றாள் அமிர்தம். "சத்தியமா இல்லிங்க. அம்சவள்ளி தல தீவாளிக்கு."

"எனக்கு இல்லியா?"

"இல்லிங்க."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டுச் சேலை, பீரோ, விரித்துக் காட்டுவது, காப்பி கொடுப்பது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. புருசனிடம் ஒரு தரம்கூட இப்படி முழுசாகச் சொன்னதில்லை. கொளஞ்சியப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ஆண்டாளுதானே? பந்தில எனக்கு எதிர்ல குந்திக்கினு ரசத்துல உப்பு இல்லன்னு சொல்லிக்கினே இருந்துச்சே, அதுதானே?"

"ஆமாங்க மாமா."

"ரசம் நல்லாத்தான் இருந்துச்சி." கூரை ஓடுகளைப் பார்த்தார். "அப்போ தீவாளி வரிக்கும் நான் இருக்கணும்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த வீட்டு மருமகளுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அமிர்தம் தரையைப் பார்த்துக்கொண்டு, "இருந்தா நல்லா இருக்குங்க மாமா" என்றாள்.

"தீவாளியும் அமாவாசையும் ஒன்னா வருது. அதுதான் கஷ்டம்" என்றார் அவர். "சரி, பாப்போம். ஆனா காலைலயும் சாயங்காலமும் கஞ்சி நீ கொண்டாந்து குடுக்கணும். ஒங்க அத்த வக்கிற கஞ்சில கல்லு கெடக்குது."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கெடக்குது" என்றாள் தைலம்மாள் அடுப்படியிலிருந்து. "இப்பத்தான் பல்லுல பட்டுதா?"

"அப்பறம் என் வூட்டு வாசச் செவுத்துக்கும் சேத்து அடிச்சிடு. ஒன்னு வெள்ளையும் ஒன்னு கருப்புமா இருந்தா ஒன் வூட்டுக்குத்தான் அசிங்கம்."

"சரிங்க மாமா."

அப்படியாக ஒப்பந்தம் முடிந்தது. மறுநாள் வெள்ளை அடிக்கிற அய்யனாரை அமிர்தம் வரச்சொன்னாள். தனசேகரன் கொல்லையிலிருந்து திரும்பியபோது சுவரில் ஏணி சாத்தியிருந்தது, ஏணிமேல் அய்யனார் இருந்தான், தொட்டியில் நீலம் கலந்த சுண்ணாம்பு இருந்தது. அவர் மேற்கே திரும்பி மலையைப் பார்த்தார்.

"இருட்டிக்கினு வருது" என்றார்.

அய்யனார் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கொளஞ்சியப்பன் கட்டிலை வாசலுக்குக் கொண்டுவந்து போடச்சொல்லி, படுத்தபடியே மேற்பார்வை பார்த்தார். அந்த மூலையில் இன்னொரு கை அடி, ஓட்டுக்குக் கீழே விட்டுப்போச்சு பார், கஞ்சி கலந்தாயா, கலக்காவிட்டால் சுண்ணாம்பு சுவரில் நிற்காதே என்று அவர் போட்ட சத்தத்தில் அய்யனாரே மிரண்டுபோனான். சாகக் கிடந்தவர் மாதிரியே இல்லை. சுவருக்கு அடியில் காவிப்பட்டை போட்டு, அது காய்ந்த அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்தது. விடிய விடியப் பெய்தது. காலையில் தனசேகரன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கோடு விழுந்திருக்கிறதா என்று தேடினார். ஒரு கோடுகூடக் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அமிர்தம் சொன்ன சொல் தவறவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்துப் பக்கம் போய் நின்று காது கொடுப்பாள். அந்தப் பக்கம் இருமல் கேட்கும். கேட்டதும் அடுப்பு மூட்டப் போவாள். குருணையைக் கல் பார்த்துப் பொறுக்கி, சீரகம் தட்டிப் போட்டு, குழைய வைத்துக் கொண்டுபோய் ஸ்பூனில் ஊட்டுவாள். அவர் குடிக்கிறதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னும் எத்தினி நாளு?"

அவள் சொல்வாள். அவர் தலையை ஆட்டிக்கொள்வார், பஸ் எப்போது வரும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவர் மாதிரி. அப்புறம் வாயைத் திறப்பார்.

நாளாக ஆக அவர் கன்னத்தில் சதை பிடித்தது. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று தெரு மெச்சியது. "எனக்காவ ஒரு நாளாவது இப்பிடி பிடிவாதமா எதனா செஞ்சிருக்காரா கேளு" என்று தைலம்மாள் முணுமுணுத்தாள். ஆனால் அவளுமே அமிர்தம் வருகிற நேரத்துக்கு அவர் முகத்தைக் கழுவிவிட்டுத் தயாராக வைத்திருப்பாள். கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிடும்போது அமிர்தத்துக்குத் தீபாவளி ஞாபகமே வராத நாளும் உண்டு. மழை சத்தத்தில் இருமல் கேட்காமல் போனால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய்ப் பார்ப்பாள்.

தீபாவளிக்கு அதிரசப் பாகு அடுப்பில் இருந்த அன்றைக்கு, வாசலில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. நைனார்பாளையத்து ஆள், அம்மாசி என்று பெயர், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தவர். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"வூடு ஜோரா இருக்குதுங்க" என்றார். "கல்யாணத்துக்கு வந்தப்ப வேற மாதிரி இருந்துச்சே."

"வெள்ள அடிச்சிருக்கு. உள்ள வாங்க" என்றார் தனசேகரன்.

"வரக்கூடாதுங்க. சாவு சேதி. மாப்பிள்ளையோட பெரியப்பா காசிநாதன் தவறிட்டாருங்க."

"காசிநாதனா? அவரு நல்லா இருந்தாரே?"

"நல்லாத்தான் இருந்தாரு. காலைல டிராக்டர்ல மரவள்ளி மூட்ட ஏத்தனாரு. சாப்ட்டாரு. செத்த படுக்கறேன்னாரு. அவ்ளோதான்."

சேதி சொல்ல இன்னும் நாலு ஊர் இருக்கிறது என்று அம்மாசி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் பெரியப்பா என்றால் அவர்களுக்குப் பங்காளி. பங்காளி வீட்டில் சாவு என்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு அந்த வருசம் தீபாவளி கிடையாது. மாப்பிள்ளைக்கு இல்லாத தலை தீபாவளி பெண்ணுக்கு மட்டும் எப்படி இருக்கும்? அடுப்பில் பாகு முறிந்து கருகுகிற வாசனை வந்தது. அமிர்தம் எழுந்து போகவில்லை.

"நம்ம பக்கத்தையே பாத்துக்கினு இருந்தோம்" என்றார் தனசேகரன். "அந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

பெண் கொடுக்கும்போது ஜாதகம் பார்த்தார்கள், நிலம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தார்கள். பங்காளிகளின் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பேரும் சாவுக்குப் போனார்கள். ஆண்டாள் அமிர்தத்தின் தோளில் விழுந்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது. அந்த நேரத்திலும் அமிர்தத்துக்குச் சேலை ஞாபகம் வந்தது, வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. அம்சவள்ளி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதோரமாகக் கேட்டாள்.

"வெள்ள அடிச்சிட்டியாமே? அம்மாசி அண்ணன் வந்து சொல்லிச்சு."

"ஆமாடி."

"காவிப்பட்ட போட்டியா?"

"போட்டேன்."

அதைக் கேட்டதும் அம்சவள்ளி பெருசாக அழ ஆரம்பித்தாள். சாவு வீடு என்பதால் எதற்கு அழுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. புருசனின் பெரியப்பாமேல் வந்த ஆறு மாசத்துக்குள் இவ்வளவு பாசமா என்று மெச்சிக்கொண்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு பஸ் இறங்கித் திரும்பினார்கள். தெருமுனையிலிருந்தே வீடு பளிச்சென்று தெரிந்தது. அமிர்தத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. யாருக்காக இவ்வளவு வெள்ளையாக நிற்கிறது? பார்க்க வேண்டியவர்கள் ஒருவரும் பார்க்கப்போவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு பாயை விரித்துப் படுத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலக் கஞ்சியை அவள் மறந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தது. இனிமேல் எதற்கு என்றும் தோன்றியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் தோட்டத்துப் பக்கம் போய் நின்றாள். இருமல் கேட்கவில்லை. மழையும் இல்லை, காற்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றாள். கேட்கவே இல்லை. காலில் செருப்பு இல்லாமல், முடியை வாரி முடியாமல், வேலிச் சந்து வழியாக அவள் ஓடின ஓட்டத்தைப் பார்த்துத் தெருவில் இரண்டு பேர் அவள் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

கொளஞ்சியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு ஏறி இறங்கியது. அமிர்தம் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒன்னும் தொடலமா" என்றாள் தைலம்மாள். "நான் குடுத்தேன், வாணாம்னுட்டாரு. சேதி கேட்டதுலேர்ந்து இப்பிடித்தான்."

அமிர்தம் திரும்பி ஓடி அடுப்பு மூட்டினாள். கஞ்சி கொதிக்கிற வரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, கஞ்சி."

"வாணாம்மா."

"கொஞ்சமா குடிங்க."

"காசிநாதன் நல்ல மனுசன்" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. "எனக்கு முந்திக்கினாரு. நான் சொன்ன சொல்லு தவறலையே?"

"இல்லிங்க மாமா."

"அப்ப சரி. தீவாளிதான் இல்லன்னு ஆயிடுச்சே. இனிமே நான் போலாம் இல்ல?"

விருந்துக்கு வந்தவர் சாப்பாடு முடிந்து, வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரிதான் கேட்டார். அமிர்தத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதர் இத்தனை நாளும் அவளுக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வேளைக் கஞ்சி வராததை வைத்து, நம் வேலை முடிந்தது என்று தெரிந்துகொண்டிருக்கிறார். அடுத்த வருசம் தலை தீபாவளி செய்யலாம், அதுவரை இருங்கள் என்று சொல்ல அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இருந்தாலும் இருப்பார், சொல் தவறாத மனிதர். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"போவக்கூடாது மாமா" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. நேத்து நான் வராதது தப்பு. காலைல ஒங்க இருமல் கேக்கல, எனக்கு உசுரே பூட்டுது." சொல்லும்போதே அழுதுவிட்டாள். 

தைலம்மாள் எழுந்து வாசலுக்குப் போனாள். கொளஞ்சியப்பன் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவளை உற்றுப் பார்த்தார்.

"வேற பண்டிக எதனா வருதா?"

"ஒன்னும் வரல."

"வூட்ல எதனா விசேசம்?"

"அதுவும் இல்ல மாமா."

அவர் யோசித்தார். வாழ்க்கையில் இப்படி ஒரு காரணத்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை போலும், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தார்.

"எது வரிக்கும் இருக்கணும்?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா" என்றாள் அமிர்தம், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "வாயத் தொறங்க."

திறந்தார்.